அரிசியில் கை வைக்கலாமா?

நெற்பயிரின் மரபணுவைத் திருத்தி, அரிசியிலுள்ள மாவுச்சத்தின் குணத்தை மாற்றலாம் என்று விஞ்ஞானிகள் கண்டு சில ஆண்டுகளாகின்றன. இந்தச் சங்கதி பத்திரிகையில் நாலு வரி வந்துவிட்டால் போதும், உடனே ஒரு கூட்டத்தார் மேடையேறி விடுகின்றார்கள். "சோற்றில் கை வைத்துவிட்டார்கள், இயற்கை அன்னையின் வயிற்றில் கத்தரியை விட்டுவிட்டார்கள், முன்னோர் கொடுத்த நெல் போயிற்று, இனிப் பிள்ளை குட்டிகள் கதி என்ன?" என்று ஒப்பாரி வைக்கின்றார்கள். இந்த ஒப்பாரியைக் கேட்டு எரிச்சல் கொண்ட மற்றொரு கூட்டத்தார், "விஞ்ஞானி சொல்லிவிட்டார், கேள்வி கேட்க நீ யார்?" என்று அதட்டுகின்றார்கள். தின்னப் போகிறவனுக்கும் விதைக்கப் போகிறவனுக்கும் சங்கதி இன்னதென்று விளங்கச் சொல்ல இருவருக்குமே மனமில்லை.

தோழர்களே! இதை எழுதுகிறவன் கல்லூரிப் படியை மிதித்தவனல்லன். கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைத் தொந்தரவு செய்து கேட்டும் அறிந்துகொண்டதையே எழுதுகின்றேன். படித்தவர்களுக்குத்தான் இது புரியும் என்று சொல்லி நம்மை வெளியே நிறுத்துகிற பழக்கம் இந்த நாட்டில் புதியதல்ல. அதற்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது. இதில் புரியாத மர்மம் ஒன்றுமில்லை.

அரிசியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்துத்தான். அந்த மாவுச்சத்து ஒரே பொருளன்று, இரண்டு பொருள்களின் கலப்பு. ஒன்றுக்கு அமைலோஸ் என்று பெயர். அது சர்க்கரை அணுத்திரள்கள் ஒன்றன் பின் ஒன்றாய்க் கோத்த நூல் போலிருக்கும். மற்றொன்றுக்கு அமைலோபெக்டின் என்று பெயர். அது கிளைக்குமேல் கிளைவிட்ட கருவேல மரம் போலிருக்கும். நூல் அதிகமிருந்தால் சோறு பொலபொலவென்று உதிரும். கிளை அதிகமிருந்தால் குழைந்து ஒட்டும். எந்த அரிசி இட்லிக்கு, எது புட்டுக்கு, எது கஞ்சிக்கு, எது மூன்று விசிலில் களியாகிவிடும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் கைக்குத் தெரிந்த அந்த வித்தியாசம் பெரும்பாலும் இந்த நூலும் கிளையும் எத்தனைக்கு எத்தனை என்பதைப் பொறுத்ததேயாகும்.

வயிற்றுக்குள் போனபின் என்ன நடக்கின்றது? உமிழ்நீரும் குடல்நீரும் இந்த மாவுச்சத்தை அறுத்துச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகின்றன. கிளைத்துக் கிடப்பதை எல்லாப் பக்கமும் பாய்ந்து சீக்கிரம் அறுத்துவிடலாம். நூலாக இறுகிக் கிடப்பதை அறுக்க நேரமாகும்; அதில் ஒரு பாகம் அறுபடாமலே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாகும். சீக்கிரம் அறுபட்டால் சர்க்கரை திடீரென்று ஏறும். மெதுவாக அறுபட்டால் மெதுவாக ஏறும்.

இந்த நூலை நூற்கிற வேலைக்கு நெல்லில் ஒரு மரபணு இருக்கின்றது. கிளையை ஒட்டவைக்கும் வேலைக்கு வேறு சில மரபணுக்கள் இருக்கின்றன. நூற்கிறவனை நிறுத்தினால் ஒட்டரிசி கிடைக்கும். கிளை ஒட்டுகிறவர்களில் முக்கியமானவனை நிறுத்தினால் நூல் பெருகி, மெதுவாய்ச் செரிக்கும் அரிசி கிடைக்கும். 2017 ஆம் ஆண்டில் சீன ஆராய்ச்சியாளர்கள் அப்படி ஒரு கிளை ஒட்டும் மரபணுவைத் திருத்தி, அரிசியின் அமைலோஸ் 25 சதவிகிதமும், செரிக்காத மாவுச்சத்து 9.8 சதவிகிதமும் வரை உயர்ந்ததைக் கணக்கோடு வெளியிட்டார்கள். சாதாரணப் பச்சரிசிச் சோற்றில் செரிக்காத பங்கு மிகச் சொற்பமே.

இதற்கு அவர்கள் உபயோகித்த கருவிக்குக் கிரிஸ்பர் என்று பெயர். நெல்லின் மரபுச் சரக்கு மொத்தம் ஏறக்குறைய 40 கோடி எழுத்துகள் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இன்ன இடம் என்று காட்ட 20 எழுத்துள்ள ஒரு வழிகாட்டி. அந்த இடத்தில் வெட்ட ஒரு கத்தரி. வெட்டியதும் பயிரின் செல் தானே அதை ஒட்டிக்கொள்ள முயலும். ஒட்டும்போது ஓரிரண்டு எழுத்துத் தவறிப்போகும். அந்தத் தவறினால் அந்த மரபணு வேலை செய்யாமல் நின்றுவிடும். கத்தரியைச் செய்வதற்கென்று பயிருக்குள் விட்ட அந்நியச் சரக்கை, அடுத்த தலைமுறையில் அது இல்லாத நாற்றாகப் பொறுக்கி எடுத்துக் கழித்துவிடலாம். இவ்வளவுதான் விஷயம். இந்தக் கருவியை 2012 இல் விளக்கிக் காட்டியவர்கள் பிரான்சு தேசத்து எம்மானுவேல் ஷார்பென்ட்டியரும் அமெரிக்காவின் ஜெனிபர் டௌட்னாவும்; 2020 இல் இருவருக்கும் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இருவரும் பெண்கள். அடுப்பங்கரைதான் பெண்ணுக்குரிய இடம் என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். அடுப்பங்கரை அரிசியையே அவர்கள் அலசிவிட்டார்கள்.

இயற்கை என்னும் புதுச் சாமி

இனி, ஒப்பாரிக்காரர்களின் வாதத்தைப் பார்ப்போம். அவர்களுடைய முதல் வாதம், நெல் இயற்கை தந்தது, அதில் மனிதன் கை வைக்கக் கூடாது என்பது. சிலர் இயற்கை என்கிற இடத்தில் கடவுள் என்கிறார்கள். பெயர்தான் வேறே தவிர இரண்டும் ஒரே சாமிதான். கேள்வி கேட்கக் கூடாது, தொடக் கூடாது, கும்பிடத்தான் வேண்டும் என்பதுதானே இரண்டிற்கும் விதி?

இயற்கை தந்த நெல் எது என்று தெரியுமா? காட்டு நெல்லைப் பாருங்கள். மணி முற்றியதும் அத்தனையும் சேற்றில் உதிர்ந்துவிடும். உழைத்தவன் அரிவாளோடு போய்ப் பார்த்தால் வெறுங்கதிர்தான் நிற்கும். பயிருக்கு அது நல்லது, தன் விதையைத் தானே விதைத்துக் கொள்ளுகின்றது. மனிதனுக்கு அது பட்டினி. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருத்தி, உதிராத கதிரைக் கண்டு அதைத் தனியே எடுத்து வைத்தாள். உதிர்வதற்குக் காரணமான ஒரு மரபணு அந்தக் கதிரில் மாறிப் போயிருந்தது. அன்றைக்கே மனிதன் நெல்லில் கை வைத்தாயிற்று. வைக்காதிருந்தால் இன்றைக்கு இயற்கையைப் பற்றிப் பேசச் சோறுண்ட வாய் ஏது?

மாவுச்சத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளுவோம். லாவோஸ் தேசத்து மக்களுக்கு ஒட்டரிசிதான் அன்றாடச் சோறு. நம் தேசத்திலேயே அஸ்ஸாமில் போரா அரிசி என்று ஒன்று உண்டு. பிஹு பண்டிகைப் பலகாரங்களுக்கு அது இல்லாமல் முடியாது. இந்த ஒட்டரிசியின் மரபணுவை விஞ்ஞானிகள் படித்துப் பார்த்தபோது என்ன கண்டார்கள்? நூல் நூற்கிற மரபணுவின் நடுவில் 23 எழுத்துகள் இரண்டுமுறை எழுதப்பட்டிருக்கின்றன. ஏடு பெயர்த்து எழுதுகிறவன் தூக்கத்தில் ஒரு வரியை இருமுறை எழுதினாற் போல! அந்தப் பிழையினால் மரபணு கெட்டு, நூல் இல்லாத அரிசி விளைந்தது. சாப்பிட்டவனுக்குப் பிடித்தது, விதைத்தான், பண்டிகைக்கும் வைத்துக்கொண்டான். ஜப்பான்காரர் தின்னும் குட்டை மணி அரிசி கொஞ்சம் பிசுபிசுப்பாயிருப்பதற்குக் காரணமும் அதே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான். ஆகவே, மரபணு கெட்ட அரிசியைத் தின்றால் வம்சம் கெடும் என்பது மெய்யானால், ஜப்பானியரும் லாவோஸ்காரரும் அஸ்ஸாமியரும் எப்போதோ அழிந்து போயிருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. மெண்டல் என்று ஒரு பாதிரியார் புருனோ நகரத்து மடத்தில் இருந்தார். ஜெபமாலையை எண்ண வேண்டிய வேளையில் பட்டாணியை எண்ணி, பரம்பரையின் கணக்கை 1866 இல் வெளியிட்டார். உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் ஒட்டுச் சேர்த்ததுதான் அவர் கணக்கின் ஆரம்பம். அந்தப் பட்டாணி ஏன் சுருங்கிற்று என்பது 1990 இல் வெளியாயிற்று: கிளை ஒட்டும் மரபணுவுக்குள் ஒரு வேண்டாத துண்டு தானே புகுந்து அதைக் கெடுத்துவிட்டது. அதாவது, சீன விஞ்ஞானி 2017 இல் அரிசியில் எந்த வகை மரபணுவைக் கத்தரியால் நிறுத்தினாரோ, அதே வகையைப் பட்டாணியில் "இயற்கை அன்னை" தானே கெடுத்து வைத்திருந்தாள். பாதிரியார் அதை மடத்துத் தோட்டத்தில் பயிரிட்டார். ஒருவரும் பாவமென்று சொல்லவில்லை.

முன்னோர் நெல்

அடுத்தபடி முன்னோர் நெல் என்று ஒரு வாதம். "எங்கள் பாட்டன் தின்ற பொன்னி இருக்கையில் இந்தக் கத்தரி அரிசி எதற்கு?" என்று ஒரு கனவான் கூட்டத்தில் கேட்டாராம். நல்ல கேள்வி. அந்தப் பொன்னியின் பூர்வோத்தரத்தை அவர் விசாரித்தாரா? பொன்னிக்கு மூலம் மஷூரி. மஷூரி மலேயாவில் உண்டாக்கப்பட்ட ஒட்டுநெல். அதன் பெற்றோரில் ஒன்று தைவான் தீவின் தைசுங் 65, மற்றொன்று மலேயாவின் மயாங் எபோஸ். கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் அதிலிருந்து பொறுக்கியெடுத்து 1986 இல் வெளியிட்டதுதான் வெள்ளைப் பொன்னி. தைவானுக்கும் மலேயாவுக்கும் பிறந்த பிள்ளையைச் சோழ நாட்டுக் குலக்கொழுந்து என்கிறார்கள். நமக்கு அதில் வருத்தமில்லை. நல்ல நெல் எங்கிருந்து வந்தாலும் நல்ல நெல்தான்.

கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912 இல் ஏற்பட்டது. அங்கே கோணமணி என்னும் நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாறுதலைக் கண்டு பிரித்தெடுத்து, 1921 இல் ஜி.இ.பி. 24 என்ற பெயரில் கொடுத்தார்கள். சன்னமும் சுவையும் உள்ள அந்த அரிசி பின்னால் எத்தனையோ நெல்லுக்குத் தகப்பனாயிற்று. ஆந்திரத்து பாபட்லாவில் அதையும் மஷூரியையும் சேர்த்து உண்டாக்கியதுதான் சாம்பா மஷூரி, நம் அரிசிக்கடைக்காரர் பி.பி.டி. என்று சொல்லும் சரக்கு. அதே சாம்பா மஷூரியைத்தான் ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கிரிஸ்பர் கொண்டு திருத்தி, 'கமலா' என்ற பெயரில் மத்திய சர்க்கார் 2025 மே மாதம் அறிவித்தது. (அது மாவுச்சத்துக்காகத் திருத்தியதல்ல; கதிரில் மணி அதிகம் பிடிப்பதற்காகத் திருத்தியது.) ஆக, 1921 இல் தானாக மாறியதைப் பொறுக்கினார்கள், 1986 இல் ஒட்டுச் சேர்த்து வந்ததை வெளியிட்டார்கள், 2025 இல் குறிபார்த்து மாற்றினார்கள். முதல் இரண்டும் புண்ணியம், மூன்றாவது மட்டும் பாவம் என்று சொல்ல ஆதாரம் என்ன?

இடையில் நடந்த வேறொன்றையும் ஒப்பாரிக்காரர்கள் மறைத்து வைக்கின்றார்கள், அல்லது அவர்களுக்கே தெரியாது. விதைமேல் கதிரியக்கத்தைப் பாய்ச்சியும், கடுமையான இரசாயனத்தில் ஊறப்போட்டும் மரபணுக்களை எங்கே என்று தெரியாமல் கண்டபடி மாற்றி, அதில் நல்லதாய் வந்ததைப் பொறுக்கிய பயிர் வகைகள் உலகத்தில் 3,400-க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் 1976 இல் வந்த கால்ரோஸ் 76 என்ற நெல் அப்படிப்பட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு அரிவாள் வீசியதைத் தின்றவர்கள், கண்ணைத் திறந்து ஊசியால் தொட்டதற்குக் கூச்சல் போடுவது எந்த ஊர் நியாயம்?

பயம் வேறு, கேள்வி வேறு

இவ்வளவு சொன்னதால், இந்த அரிசியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தின்னுங்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. பாம்பின் விஷமும் இயற்கைதான். ஆதலால் இயற்கையில் நடந்தது போன்றதே என்று காட்டினால் மட்டும் ஒரு பொருள் நல்லதாகிவிடாது. கத்தரி குறித்த இடத்தை விட்டு, அதைப்போன்ற வேறிடத்திலும் வெட்டிவிடக் கூடும். இது ஒப்பாரிக்காரர் கண்டுபிடித்ததல்ல, விஞ்ஞானிகளே சொல்வது. அதற்கு வழியும் அவர்களிடமே இருக்கின்றது: திருத்திய பயிரின் எழுத்து முழுவதையும் படித்துப் பார்க்கலாம், வேறிடத்தில் வெட்டுப்பட்ட நாற்றைத் தள்ளிவிடலாம், பல பருவம் வயலில் வைத்துப் பார்க்கலாம். செய்யத் தக்க சோதனை செய்யப்பட்டதா, முடிவு அச்சாயிற்றா என்று கேட்பவன் பகுத்தறிவுள்ளவன். சோதனையே பாவம் என்பவன் பூசாரி.

அதுபோலவே, இந்த அரிசி வந்துவிட்டால் நீரிழிவு ஓடிப்போகும் என்று சிலர் இப்போதே வெடி கொளுத்துகின்றார்கள். இதுவும் தாயத்துக் கட்டுகிற புத்திதான். கிளை ஒட்டும் மரபணுவை முழுதும் நிறுத்தின நெல்லில் மணி இளைத்து, பால் போல் வெளிறி, சோறு கடினமாகிவிடுகிற குறை வெகுகாலமாகத் தெரிந்ததே. வாய்க்குப் பிடிக்காத சோற்றை வைத்தியர் சொன்னார் என்பதற்காக எத்தனை நாள் தின்பார்கள்? அதனால்தான் முழுதும் நிறுத்தாமல், மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று திருகு வைத்தாற்போல் கூட்டிக் குறைக்கும் முயற்சி நடக்கின்றது. நல்ல அரிசி என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு தட்டுக்கு இரண்டு தட்டாக ஏற்றினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பருப்பும் கீரையும் வாங்கக் காசில்லாமல் சோற்றாலேயே வயிற்றை நிரப்புகிறவனுக்கு, மரபணுத் திருத்தம் பாதி மருந்துகூட ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெதுவாய்ச் செரிக்கும் அரிசிக்குக் கத்தரி ஒன்றுதான் வழி என்பதும் சரியல்ல. பிலிப்பைன் தீவிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், கிளை மரபணு கெட்ட ஒரு நெல்லையும் நம் சாம்பா மஷூரியையும் சாதாரணமாய் ஒட்டுச் சேர்த்து, சர்க்கரை ஏற்றும் குறியெண் 45-க்கும் கீழே உள்ளதும் புரதம் ஏறக்குறைய இருமடங்கு உள்ளதுமான வகைகளைக் கண்டதாக 2024 இல் வெளியிட்டார்கள். (சுத்தமான குளுகோஸுக்குக் குறியெண் 100 என்று வைத்து அளக்கிற கணக்கு இது.) ஒட்டுச் சேர்க்கப் பல தலைமுறை பிடிக்கும், கத்தரிக்குக் காலம் குறைவு. அவ்வளவே வித்தியாசம். அது ஒரு கருவி. அரிவாள் பாவமா புண்ணியமா என்று யாரும் கேட்பதில்லை, யார் கையில் இருக்கின்றது என்றுதான் கேட்கின்றோம்.

கத்தரி யார் கையில்?

அந்தக் கேள்வியைத்தான் ஒப்பாரிக்காரரும் கேட்பதில்லை, அதட்டல்காரரும் கேட்க விடுவதில்லை.

மாவுச்சத்து மரபணுவைக் கிரிஸ்பரால் திருத்திய தானியங்களில் ஒரு பெரிய கம்பெனி முதன்முதல் முனைந்தது எதில் என்று பாருங்கள். நோயாளிக்கான அரிசியில் அல்ல, அமெரிக்காவில் மக்காச்சோளத்தில். மெழுகுச் சோளம் என்று ஒன்று உண்டு. நூல் மரபணு வேலை செய்யாத சோளம் அது. 1908 இல் ஷாங்காயிலிருந்து ஒரு பாதிரியார் அனுப்பிய விதை மூலமாக அமெரிக்கர்களுக்குத் தெரியவந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அது ஆராய்ச்சி நிலையத்து வேடிக்கைப் பொருளாய்க் கிடந்தது. 1942 இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்துக்கொண்டதும் அமெரிக்காவுக்கு மரவள்ளி மாவு வருவது நின்றுபோயிற்று. பசைக்கும் தின்பண்டத்தைக் கெட்டியாக்குவதற்கும் அந்த மாவு வேண்டும். உடனே மெழுகுச் சோளத்தைத் தேடியெடுத்து ஏராளமாய் விதைத்தார்கள். ஒட்டு முறையில் அந்தக் குணத்தைப் புதிய வீரியச் சோளத்தில் ஏற்றும்போது கூடவே வேண்டாத சரக்கும் ஒட்டிக்கொண்டு விளைச்சலைக் குறைத்து வந்தது. கிரிஸ்பர் வந்ததும் பயனியர் கம்பெனி (இப்போது கோர்ட்டேவா) நல்ல சோள வகைகளிலேயே அந்த மரபணுவை நேரே நிறுத்தியது. இது தங்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதல்ல என்று அமெரிக்க விவசாய இலாகா 2016 இல் எழுதிக் கொடுத்துவிட்டது. 25 இடங்களில் பயிரிட்டதில் ஏக்கருக்குச் சராசரி ஐந்தரை புஷல், அதாவது சுமார் 140 கிலோ, பழைய ஒட்டுவகையைவிட அதிகம் கண்டது என்று 2020 இல் கணக்கு வெளிவந்தது.

வேலை நல்ல வேலைதான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கம்பெனி என்பது இலாபம் எங்கே இருக்கின்றதோ அங்கேதான் கத்தரியை நீட்டும். பசைக்காரன் பணம் கொடுப்பான், எனவே பசைக்குச் சோளம் முதலில் வந்தது. ரேஷன் அரிசி தின்கிறவன் என்ன கொடுப்பான்?

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2023 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு வெளியிட்டபடி நீரிழிவுக்காரர் 10 கோடியே 10 இலட்சம். அந்த எல்லையில் வந்து நிற்பவர் 13 கோடியே 60 இலட்சம். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு. இது பணக்காரர் வியாதி என்ற பேச்சு இனிச் செல்லாது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறவர்கள் யார்? ஓட்டுநர், துப்புரவுத் தொழிலாளி, கட்டட வேலைக்காரி, அறுவடை முடிந்து வந்த விவசாயி. 2011 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கின்றது. அது பசியை நிறுத்தியது பெரிய காரியம். அந்த வெள்ளை அரிசியையே மூன்று வேளையும் தின்று மாத்திரையும் விழுங்குகிறவனுக்கு, மெதுவாய்ச் செரிக்கும் அரிசி அதே கடையில், அதே சாக்கில் வந்தால்தான் உபயோகம். பளபளக்கும் பெரிய கடைகளில் ஒரு கிலோ டப்பாவில், 'சர்க்கரை நோயாளிகளுக்கு' என்று பொன்னெழுத்தில் அச்சடித்து நாலு மடங்கு விலைக்கு விற்றால், அது கோயிலில் விற்கும் சிறப்புத் தரிசனச் சீட்டுக்கும் ஒருபடி மேற்போய்விடும். சீட்டு வாங்காதவனுக்காவது தரும தரிசனம் உண்டு.

இனி விதை. கிரிஸ்பர் கத்தரியின் உரிமைக்காக அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தாரும் பிராட் நிலையத்தாரும் பல வருஷம் கோர்ட்டில் சண்டையிட்டார்கள். விவசாயத்துக்கான உரிமங்களை முற்கூறிய கம்பெனியும் பிராட் நிலையத்தாரும் 2017 இல் ஒப்பந்தம் செய்து ஒன்றாய்க் கட்டி வைத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சிக்கு உபயோகித்தால் பணம் வேண்டாம், விற்பனைக்கு வந்தால் வேண்டும் என்பது ஏற்பாடு. நம் தேசத்துப் பேடண்ட் சட்டம் 3-வது பிரிவின்படி செடிக்கும் விதைக்கும் பேடண்ட் கிடையாது; கருவிக்குக் கேட்பவர்களைப் பற்றி அந்தப் பிரிவு நேரே சொல்லவில்லை. ஆகவே, சர்க்கார் நிலையம் சர்க்கார் பணத்தில் செய்த நெல்லுக்குக்கூட யாருக்கு எவ்வளவு கப்பம் கட்ட வேண்டும் என்பது வெட்ட வெளிச்சமாகச் சொல்லப்பட வேண்டிய கணக்கு.

இது வெறும் பயமல்ல என்பதற்குக் குஜராத் உருளைக்கிழங்கே சாட்சி. வறுவலுக்கேற்ற ஒரு கிழங்கைத் தங்கள் அனுமதியின்றிப் பயிரிட்டார்கள் என்று பெப்சிகோ கம்பெனி 2019 இல் விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது. சிலரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. ஊர் கொதித்தபின் வழக்கை வாபஸ் வாங்கியது. 2021 இல் பயிர்வகைப் பாதுகாப்பு அதிகாரச் சபை அந்தப் பதிவையே ரத்துச் செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி ஹைகோர்ட்டு அந்த ரத்தைத் தள்ளிவிட்டது. கத்தரியே படாத கிழங்குக்கு இந்தப் பாடு! அந்த நாளில் இயற்கை அன்னைக்காக அழுத கூட்டத்தாரில் எத்தனை பேர் அந்த விவசாயிகளோடு கோர்ட்டு வாசலில் நின்றார்கள் என்று கேட்க விரும்புகின்றோம்.

மத்திய சர்க்கார் 2022 மார்ச்சில், அந்நிய மரபணு மிச்சமில்லாத திருத்தப் பயிர்களுக்கு 1989 ஆம் ஆண்டு விதிகளில் 7 முதல் 11 வரையுள்ளவற்றிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. எழுத்து மாற்றம் இயற்கையில் நடப்பது போன்றதே என்பது காரணம். காரணம் சரிதான் என்று மேலே நாமே காட்டியிருக்கின்றோம். ஆனால் விதி விலகியதென்றால் கணக்கைக் காட்டும் கடமையும் விலகியது என்று அர்த்தமல்ல. எந்த மரபணு, எத்தனை எழுத்து, எத்தனை பருவம், எந்த ஊர் வயல், எத்தனை பேருக்குச் சமைத்துப் போட்டு இரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள் என்பதெல்லாம் தமிழில் அச்சடித்து வேளாண்மை அலுவலகச் சுவரில் ஒட்டத் தக்க சங்கதிகள். உரத்தின் விலைப்பட்டியலை ஒட்டுகிறார்கள், இதை ஒட்டினால் சுவர் இடிந்துவிடுமா?

இந்த நாட்டுச் சட்டத்தில் விவசாயிக்கு ஒரு நல்ல பிரிவு இருக்கின்றது. 2001 ஆம் ஆண்டுப் பயிர்வகைப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு. பதிவு பெற்ற வகையானாலும் அதன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், திரும்ப விதைக்கவும், பக்கத்துக்காரனுக்கு மாற்றிக் கொடுக்கவும், கம்பெனி முத்திரையில்லாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று அது சொல்லுகின்றது. திருத்திய நெல் நம் ஊருக்கு வரும்போது இந்த உரிமை அப்படியே செல்லும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். மெதுவாய்ச் செரிக்கும் நெல்லைச் சர்க்கார் ஆராய்ச்சி நிலையங்களே செய்து, விதையைச் சர்க்கார் விலையில் கொடுத்து, விளைந்ததை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எடுத்து, ரேஷனில் போட வேண்டும் என்றும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றது. அடுத்த கூட்டத்தில் தோழர்கள் இரண்டு பேராவது எழுந்து இந்த இரண்டையும் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காராமல் இருப்பார்களாக.